'இன்னும் நாப்பதாயிரம்தான் சார்!' - முதல் கார் வாங்கும்போது எந்த வேரியன்ட்டில் நிறுத்தணும்?

முதல் கார் வாங்கப் போகும் குடும்பம், ஒரு தொகையை முடிவு பண்ணிட்டுத்தான் ஷோரூமுக்குள் நுழையும். வெளியே வரும்போது அந்தத் தொகை அப்படியே இருப்பது அபூர்வம். "இன்னும் நாப்பதாயிரம்தான் சார், டச் ஸ்கிரீன் வந்துடும். மாசத்துக்குப் பார்த்தா அறுநூத்தி சொச்சம்தான் கூடும்" என்பார் சேல்ஸ்மேன். அவர் சொல்வது பொய் இல்லை. 9 சதவிகித வட்டியில் 7 வருஷக் கடன் என்றால், 40,000 ரூபாய்க்கு மாசம் 644 ரூபாய்தான். ஆனா 84 மாசம் கட்டி முடிக்கும்போது அது 54,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

ராஜபாளையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மில் சம்பளத்தையும் கடை வருமானத்தையும் நம்பி இ.எம்.ஐ கட்டப்போகிறவர்களுக்கு, இது சின்ன விஷயம் இல்லை. எந்த வசதிக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம்? பார்ப்போம்.

ஏணி எப்படிக் கட்டுறாங்க?

ஹோட்டலில் தோசை தனி, வடை தனி என ஆர்டர் பண்ணலாம். பட்ஜெட் காரில் அது முடியாது, காம்போதான். ரிவர்ஸ் கேமரா மட்டும் கொடுங்க, அலாய் வீல் வேணாம் என்றால் நடக்காது. ஒவ்வொருவர் கேட்பதற்கும் ஏற்ப கார் செய்தால், தொழிற்சாலையில் ஒயரிங், உதிரி பாகம், ஸ்டாக் எல்லாமே சிக்கலாகி செலவு ஏறும். அதனால் நான்கைந்து வேரியன்ட்களாகக் கட்டிவிடுகிறார்கள். மாருதியில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்பதெல்லாம் அந்த ஏணியின் படிகள்தான்.

இதில் வியாபாரமும் இருக்கு. பேஸ் வேரியன்ட்டின் வேலை, விளம்பரத்தில் சின்ன விலையைக் காட்டி நம்மை ஷோரூமுக்கு வரவைப்பது. நாம் ஆசைப்படும் வசதி, பெரும்பாலும் ஒரு படி மேலேதான் இருக்கும்.

நல்ல உதாரணம், டாடா நானோ. 2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று வந்தபோது, அதன் பேஸ் மாடலில் ஏ.சி கிடையாது. அடுத்த படியான சிஎக்ஸில் ஏ.சி வந்தது. அதற்கும் மேலே எல்எக்ஸில் பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் வந்தன. முதல் புக்கிங்கில் சுமார் பாதிப்பேர் கேட்டது எல்எக்ஸைத்தான். பேஸ் மாடலைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இந்தியாவின் மலிவான காரைத் தேடி வந்தவர்களே, அதில் மலிவான வேரியன்ட்டை வாங்கவில்லை!

9,000 ரூபாய் ஏர்பேக்கின் உண்மை விலை

ஏணியின் ஆபத்தான பக்கத்தைக் காட்டியது, சென்னை ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட். 2015 செப்டம்பரில் வந்தபோது பேஸ் மாடலின் டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை சுமார் 2.57 லட்சம் ரூபாய். டச் ஸ்கிரீன் இருந்த ஆர்எக்ஸ்டி, சுமார் 3.44 லட்சம். டிரைவர் ஏர்பேக் வேண்டும் என்றால், அதற்கும் மேலே ஆர்எக்ஸ்டி ஆப்ஷனல், சுமார் 3.53 லட்சம்.

கணக்குப் பாருங்க. கடைசிப் படிக்கான வித்தியாசம் 9,000 ரூபாய்தான். ஆனா, பேஸ் மாடல் வாங்க வந்தவருக்கு அந்த ஏர்பேக்கின் விலை சுமார் 96,000 ரூபாய்! டச் ஸ்கிரீனையும் சேர்த்து வாங்காமல் உயிர்காக்கும் பையை வாங்க முடியாது. ஒரு வசதியின் விலை என்பது அந்தப் பொருளின் விலை இல்லை. அது இருக்கும் படி வரை ஏறுவதற்கான விலை.

இந்தக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு க்விட்டை மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத காருக்கும் பூஜ்ஜியம் ஸ்டார், இருந்த காருக்கும் பூஜ்ஜியம்தான். பாடி பலமாக இல்லாவிட்டால், ஏர்பேக் மட்டும் காப்பாற்றாது.

பிறகு சட்டம் உள்ளே வந்தது. 2019-ல் ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக், ரியர் பார்க்கிங் சென்ஸார் எல்லாம் கட்டாயமாகின. 2022 முதல் முன் பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம். 2023-ல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர், எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் கொடுத்தது. 2025-ல் ஆல்ட்டோ கே10 காரும் அதே வழிக்கு வந்தது. முன்பு ஏணி உச்சியில் இருந்தது, இப்போ முதல் படியிலேயே கிடைக்குது. அதனால், 'பேஸ் மாடல்னா பாதுகாப்பு கம்மி' என்ற பழைய பயத்தோடு மேலே ஏற வேண்டாம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் ஸ்டார் ரேட்டிங்கைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

10 லட்சம் - தாண்டும் முன் யோசிங்க

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள்கால வரி, படிப்படியாக ஏறும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புதுக் காருக்கு 12 சதவிகிதம். 10 லட்சம் வரை 13. 20 லட்சம் வரை 18. அதற்கு மேல் 20.

9.90 லட்சம் ரூபாய் வேரியன்ட்டுக்கு வரி 1,28,700 ரூபாய். 'இருபதாயிரம்தானே' என்று 10.10 லட்சம் ரூபாய் வேரியன்ட்டுக்குப் போனால், வரி 1,81,800. வரியில் மட்டும் 53,100 கூடுது! 10 லட்சத்தைத் தாண்டினால், ஷோரூமிலேயே 1 சதவிகிதம் டி.சி.எஸ்ஸும் பிடிப்பாங்க. அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம். ஆனா, முதலில் கையில் இருந்துதான் போகும். ஆக, 20,000 ரூபாய் வசதிக்கு அன்றைக்கு 83,200 ரூபாய் எடுத்து வைக்கணும்.

2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைஞ்சது. 'அதான் வரி மிச்சமாச்சே' என்று அந்தப் பணத்தில் ஒரு படி ஏறத் தோணும். ஏறினால், மிச்சமானது திரும்பப் போயிடும்.

பின்னாடி மாட்ட முடியுமா?

எந்த வசதியைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க.

மாட்ட முடியாதவை: கூடுதல் ஏர்பேக், கார் சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட், டிரைவர் சீட் உயரம் மாற்றும் வசதி. இவற்றுக்காக ஒரு படி ஏறுவது நியாயம்.

மாட்ட முடிந்தவை: டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், மேட், அலாய் வீல். இவற்றுக்காக ஏறாதீங்க, போனஸ் வரும்போது மாட்டிக்கலாம். தனி பில்லில் வாங்குவதால் ஆயுள்கால வரியும் கூடாது. ஆனா, ஒயரை வெட்டி மாட்டினால் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம். விலை உயர்ந்த பொருள் என்றால் இன்ஷூரன்ஸ் பாலிசியில் தனியாகச் சேர்த்துடுங்க.

மாட்டவே கூடாதது ஒண்ணும் இருக்கு: பம்பருக்கு முன்னால் போடும் புல் கார்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. மோதலின்போது ஏர்பேக் சரியாக வேலை செய்வதையும் இது கெடுக்கும்.

நம்ம ரோட்டுக்கு எது தேவை?

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் ஆடிப்பூரக் கூட்டத்தில் ரிவர்ஸ் எடுக்கிறவருக்கு கேமரா ஆடம்பரம் இல்லை. ராஜபாளையத்தில் இருந்து தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியா அடிக்கடி கேரளா போறவருக்கு, ஹில் ஹோல்டும் இ.எஸ்.சி-யும் காசுக்குத் தகுந்தவை. குடும்பத்தோடு மதுரைக்கு மே மாத வெயிலில் போறவங்களுக்குப் பின் சீட் ஏ.சி வென்ட் நிம்மதி. அதே வெயிலில் சன்ரூஃபைத் திறந்து யார் தலையை நீட்டப்போறாங்க? ஊருக்குள் மில்லுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காருக்கு, க்ரூஸ் கன்ட்ரோல் எதற்கு?

பில்லில் பாருங்க

கொட்டேஷனை மொத்தத் தொகையாக வாங்காதீங்க, வரிவரியாகக் கேளுங்க. ஆக்சஸரீஸ் கிட், எக்ஸ்டெண்டட் வாரன்டி, கோட்டிங் எல்லாம் உங்க விருப்பம்தான். இன்ஷூரன்ஸில் 3 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். அதை எந்த கம்பெனியில் எடுப்பது என்பது உங்க உரிமை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிட்டுப் போனாலே, பெரும்பாலும் பேரம் ஆரம்பிச்சுடும். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று இருந்தால், எதற்கு என்று கேளுங்க.

ஷோரூம் போகும் முன் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து மூன்று வசதிகளை மட்டும் போனில் எழுதிக்கோங்க: இல்லாவிட்டால் கார் வேண்டாம் என்கிற அளவுக்கு முக்கியமான மூன்று. அந்த மூன்றும் கிடைக்கும் முதல் வேரியன்ட்தான் உங்க வேரியன்ட். அதற்கு மேலே சேல்ஸ்மேன் ஏறச் சொன்னால், மாசத் தொகையைக் கேட்காதீங்க. "84 மாசத்துக்கு மொத்தம் எவ்வளவு, ஆன் ரோடு எவ்வளவு கூடும்?" என்று கேளுங்க. பதில் அவர் வாயிலிருந்தே வரட்டும்.