மின்சோதனைக் கருவி வளர்ந்த கதை



புதிதாகக் கட்டப்பெற்ற ஒரு வீட்டில் வயரிங் வேலை முடிந்துவிட்டது. சுவிட்சைப் போடுகிறோம், விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. இதற்குமேல் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால், விளக்கு எரிவது ஒன்றே ஒன்றைத்தான் மெய்ப்பிக்கிறது: மின்சாரம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போகக்கூடாத இடத்துக்கு அது போகாமல் இருக்கிறதா, போய்விட்டால் நொடிப்பொழுதில் தடுக்கப்படுமா என்னும் வினாக்களுக்கு விளக்கு விடை சொல்வதில்லை. எர்த் கம்பி அறுந்து கிடக்கும் வீட்டிலும் விளக்கு பளிச்சென்றுதான் எரியும்.

இவ்வினாக்களுக்கெல்லாம் விடை கூறும் கருவி ஒன்று இன்று மின்பணியாளரின் தோளில் தொங்குகிறது. பலபணிச் சோதனைக் கருவி என்று அதனைச் சொல்லலாம். ஒரு பெட்டி, ஒரு திருகு குமிழ், அதனைச் சுற்றி ஐந்தாறு சோதனைகள். அச்சோதனைகள் யாவும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆபத்திலிருந்து, ஒவ்வொரு காலத்தில் பிறந்தது. அக்கதையை அறிந்தவர்க்குக் கடையில் கருவியைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியம் அன்று.

கதையைக் கடலடியிலிருந்து தொடங்குவோம். 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்துத் தந்திக் கம்பி இடப்பட்டது. கம்பியைச் சுற்றியிருந்த காப்பு, கட்டாபர்ச்சா என்னும் மரப்பாலால் ஆனது. காப்பில் தொடக்கத்திலேயே குறைகள் இருந்தன. செய்தி தெளிவாக வந்து சேரவில்லை என்று கண்ட ஒயிட்ஹவுஸ் என்னும் மின்வல்லுநர், ஏறத்தாழ இரண்டாயிரம் வோல்ட் அழுத்தத்தை அக்கம்பியில் செலுத்தினார். நலிந்திருந்த காப்பு மேலும் சிதைந்தது. மூன்றே வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. கம்பி அறுபடாமல் இருப்பது வேறு, அதன் காப்பு நலமாக இருப்பது வேறு என்பதைப் பொறியாளர்கள் பெரும்பொருள் இழந்து கற்றுக்கொண்டார்கள்.

கடலடியில் கற்ற அப்பாடம் விரைவில் வீட்டுக்குள்ளும் தேவைப்பட்டது. 1882ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் ஹோல்பன் வயடக்ட் என்னுமிடத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவிலும் எடிசனின் மின்நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அவ்வாண்டிலேயே இலண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம், மின்விளக்கினால் தீ மூளாமல் தடுப்பதற்கென்று விதிகளை வகுத்து வெளியிட்டது. பிரிட்டனில் இன்று வழங்கும் வயரிங் விதிகளுக்கு அதுவே முதற்பதிப்பு. அன்று அஞ்சியது தீயைத்தான் என்பதைக் கவனியுங்கள். மனித உடலைத் தாக்கும் அதிர்ச்சி பற்றிய ஆராய்ச்சி பிற்பாடுதான் முதிர்ந்தது.

விதி வந்தது, விதிப்படி அளக்கக் கருவி வேண்டுமே! வீட்ஸ்டன் பாலம் போன்ற நுண்கருவிகள் ஆய்வுக்கூடத்து மேசைக்கு உரியவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற இயலாது. இக்குறையை நீக்கியவர் சிட்னி எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர். 1889ஆம் ஆண்டில் அவருடைய காப்புச் சோதனைக் கருவி வெளிவந்தது. பின்னர் அது மெக்கர் என்னும் பெயரைப் பெற்று, 1903ஆம் ஆண்டில் அப்பெயர் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. நம் நாட்டில் இன்றும் எந்த நிறுவனத்தின் காப்புச் சோதனைக் கருவியையும் மின்பணியாளர் 'மெக்கர்' என்றே அழைக்கிறார்.

அக்கருவியின் அமைப்பு அழகானது. பெட்டிக்குள் ஒரு சிறிய மின்னாக்கி. வெளியே கையால் சுழற்றும் பிடி. காட்டும் முள்ளின் அச்சில் இரண்டு சுருள்கள் ஒன்றுக்கொன்று கோணமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு சுருள் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒரு பக்கம் இழுக்கும். மற்றது சோதிக்கப்படும் காப்பின் வழியே கசியும் மின்னோட்டத்துக்கு ஏற்ப எதிர்ப்பக்கம் இழுக்கும். கை தளர்ந்து பிடி மெதுவாகச் சுழன்றால் அழுத்தமும் குறையும், ஓட்டமும் அதே விகிதத்தில் குறையும்; ஆதலால் முள் காட்டும் தடை மாறுவதில்லை. சுழற்றுபவனின் கைவலிமையை நம்பாத இவ்வமைப்பே அதனைத் தொழிற்களத்துக்கு உரிய கருவியாக்கியது.

சிலர் கேட்கலாம்: தடையை அளக்க மல்டிமீட்டர் போதாதா? இந்த மல்டிமீட்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளரான டொனால்ட் மெக்காடி, பல கருவிகளைச் சுமந்து திரியும் தொல்லையை ஒழிக்க எண்ணி, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்க வழி கண்டார். அதன் பயனாக 1923ஆம் ஆண்டில் 'ஆவோமீட்டர்' விற்பனைக்கு வந்தது. மிகச் சிறந்த கருவிதான். ஆயினும் காப்பைச் சோதிக்க அது உதவாது. மல்டிமீட்டர் தடையை அளப்பது சில வோல்ட் அழுத்தத்தில். ஈரம் ஊறிய காப்பும், ஆணி உரசிய காப்பும் அச்சிறு அழுத்தத்தை எளிதில் தாங்கி நின்று, குறையேதும் இல்லாததுபோல் நடிக்கும். 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை எதிரே நிறுத்தினால்தான் வேடம் கலையும். பிரிட்டனின் இன்றைய விதிப்படி, 230 வோல்ட் வீட்டு வயரிங்கில் அவ்வழுத்தத்தில் காப்பின் தடை ஒரு மெகோமுக்குக் குறையலாகாது. மல்டிமீட்டரில் 'நன்று' என்று கண்டு மனநிறைவு கொள்வதே இத்தொழிலில் மலிந்த பிழை என்பது என் கருத்து.

இனி எர்த் பற்றிச் சொல்லவேண்டும். இரும்புப் பெட்டியோ சலவை இயந்திரமோ உள்ளே பழுதுபட்டு, அதன் உலோக உடலில் மின்சாரம் பாய்ந்துவிட்டது என்று கொள்வோம். எர்த் கம்பி வழியே பெருமின்னோட்டம் பாய்ந்தால் பியூஸ் உருகும், அல்லது தானியங்கும் சுவிட்ச் விழும். பெருமின்னோட்டம் பாயவேண்டுமானால் மின்மாற்றியிலிருந்து பழுது நேர்ந்த இடம்வரை சென்று, எர்த் வழியே திரும்பும் வளையத்தின் மொத்தத் தடை மிகச் சிறிதாயிருத்தல் வேண்டும். 'பி' வகைப்பட்ட 32 ஆம்பியர் சுவிட்ச் உடனே விழுவதற்கு 160 ஆம்பியர் தேவை. 230 வோல்ட்டில் கணக்கிட்டு, அழுத்தம் சற்றுக் குறைவதற்கும் இடம்விட்டால், வளையத்தின் தடை 1.37 ஓமுக்கு மேற்படலாகாது என்று வரும். நம் ஊர் வீடுகளில் உப்பும் கரியும் இட்டுக் குழியில் பதிக்கும் எர்த்தின் தடை 20 ஓம் இருந்தால் என்ன ஆகும்? பாய்வது 11.5 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் உருகாது, சுவிட்ச் விழாது, இயந்திரத்தின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். வீட்டார் எவரேனும் ஈரக்கையால் அதனைத் தொடும்வரையில் எவர்க்கும் தெரியாது. வளையத்தடைச் சோதனை பிறந்தது இதனைக் கண்டறிவதற்காகவே.

இத்தகைய இடங்களைக் காப்பதற்கு வேறொரு கருவி தேவைப்பட்டது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஓயாது ஒப்பிட்டு, வேறுபட்டால் உடனே துண்டிக்கும் காவற்கருவி அது, ஆர்.சி.டி. என்பது அதன் குறுக்கப் பெயர். ஐரோப்பாவில் ஆஸ்திரிய அறிஞர் பீகல்மயர் இதனை வளர்த்தார். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மின்கம்பியைப் பிடித்த கை எவ்வளவு மின்னோட்டம்வரை விடுபட இயலும் என்பதைத் தாமாக முன்வந்தோரின் உடல்களிலேயே சோதித்து அளந்தார். 1961ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். ஐரோப்பிய வழக்கிலும் நம் வழக்கிலும் உயிர்காப்புக்கு உரிய அளவு 30 மில்லியாம்பியர். அக்கசிவில் 300 மில்லிநொடிக்குள் அது விழவேண்டும். விழுகிறதா என்று நேரத்தை அளந்து பார்ப்பதே ஆர்.சி.டி. சோதனை. கருவியின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்திப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. பொத்தான் உள்ளுறுப்பை இயக்கிக் காட்டுமேயன்றி, எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லாது. எர்த் கம்பி இருக்கிறதா என்றும் சொல்லாது.

இவ்வாறு மெக்கர் ஒன்று, வளையத்தடைக் கருவி ஒன்று, ஆர்.சி.டி. கருவி ஒன்று எனப் பை கனத்தது. மெக்காடிக்கு நேர்ந்த சுமையே மீண்டும் வந்தது. மின்னணுவியல் வளர்ந்தபின் அவையனைத்தும் ஒரு பெட்டியுள் அடங்கின, அவற்றுக்கென ஐ.இ.சி. 61557 என்னும் பன்னாட்டுத் தரவரிசை 1997ஆம் ஆண்டு முதல் வெளிவரத் தொடங்கியது.

இனித் தேர்வுக்கு வருவோம். குமிழைச் சுற்றி எத்தனை சோதனைகள் என்று எண்ணுவதில் பயனில்லை. பழைய வளையத்தடைச் சோதனை, இருபது ஆம்பியர் அளவிலான ஓட்டத்தை ஒரு கணம் பாய்ச்சி அளக்கும். அது துல்லியமானது, ஆனால் ஆர்.சி.டி.யை விழச் செய்துவிடும். விழச் செய்யாமல் அளக்கும் புதுமுறை சில மில்லியாம்பியர்களையே பாய்ச்சுவதால் விடை சற்று அலைபாயும். இரண்டு முறைகளும் உள்ள கருவியே வாங்கத்தக்கது. மின்கார்களுக்கு மின்னேற்றும் இடங்களில் நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் 'பி' வகை ஆர்.சி.டி. இருக்கலாம், அங்கே பணிபுரிவோர் அவ்வகையைச் சோதிக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்கவேண்டும். பல்புக்கும் விசிறிக்கும் மட்டும் வயரிங் செய்பவர் அதற்கெனப் பணம் மிகுதியாகக் கொடுப்பானேன்? சோதனைக் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளும் வசதி இன்றியமையாதது, 1.37 ஓமை அளக்குமிடத்தில் கம்பியின் பங்கே விடையைக் கெடுத்துவிடும். மெயின் போர்டில் தொடுவதானால், கருவியின்மீது பாதுகாப்பு வகை 'கேட் மூன்று' அல்லது 'கேட் நான்கு' என்று எழுதியிருத்தல் வேண்டும்.

ஒரு வேலைக்கு மட்டும் இப்பலபணிக் கருவியை நம்பலாகாது. கம்பியில் மின்சாரம் அற்றுவிட்டதா என்பதை அதற்கென்றே அமைந்த தனி வோல்ட் காட்டியால், முன்னும் பின்னும் அக்காட்டியைச் சரிபார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும்.

மெக்காடியின் ஆவோமீட்டர் 2008ஆம் ஆண்டுவரை உற்பத்தியில் இருந்தது. அதனைக் கடைசியாகச் செய்து விற்ற நிறுவனம் எது தெரியுமா? ஒருகாலத்தில் அதற்குப் போட்டியாளர்போல் பையின் மறுபக்கத்தில் இருந்த அதே மெக்கர்தான்.