வாசல் திறந்த குடில்கள்

1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தார். தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள எருது, கழுதை. சுரூபம் எதையும் செலானோ தோமா குறிப்பிடவில்லை. ஊரார் தீவட்டி ஏந்திச் சென்று கண்டனர். சென்று காண்பதே அங்கு வழிபாடாயிற்று. குடில் இல்லங்களுக்கு வந்தது வெகு பின்னரே.

திருவண்ணாமலையில் இம்மரபு எளிதில் வேரூன்றக் காரணம் உண்டு. மலைமேல் கார்த்திகைத் தீபம் சுடர்விடக் கண்டு வீடுதோறும் அகல் ஏற்றும் ஊர் இது. சில வாரங்களில் கிறிஸ்தவர் வாசல்களில் விண்மீன் விளக்குகள் ஒளிர்கின்றன. கொலுவுக்கு நம்மை அழைத்த அயலார் குடில் காண வருவதில் வியப்பென்ன? ஆனால் பங்குகளில் குடில் போட்டிகள் பெருகியபின், நடுவர் வந்துபோனதும் கதவைச் சாத்தும் இல்லங்களும் உள. வைக்கோலும் எருதும் மட்டுமே கொண்ட கிரேச்சோ குடிலுக்கு நம் நடுவர்கள் ஆறுதல் பரிசேனும் அளித்திருப்பார்களா என்பது ஐயமே.