தவளை முளையமும் புற்றுநோய்ச் சைகைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

வடகீழ்ப் பருவமழை வன்னியின் குளங்களையும் வயற்பள்ளங்களையும் நிரப்பத் தொடங்கியதும், வரட்சி மாதங்களில் மண்ணுட் புதைந்து கிடந்த தவளைகள் மேற்போந்து இனம்பெருக்கத் தலைப்படுகின்றன. இவ்வாறு வாழ்வனவற்றுள் ஒன்று, 1799 ஆம் ஆண்டு சினைடர் என்பார் பெயரிட்டு விவரித்த பலூன் தவளை. எறும்பையும் கறையானையும் உண்டு, அச்சுறுத்தினால் உடலை உப்பவைக்கும் இச்சிற்றுயிர், இந்தியாவிலும் வன்னி அடங்கிய இலங்கையின் உலர்வலயத் தாழ்நிலங்களிலும் வாழ்வது. முளையவியலின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டென்பது நம்மவரிற் பலர் அறியாததொன்று.

ஒரு முட்டையினின்று தலையும் முதுகும் கால்களும் உரிய இடங்களிலே தோன்றுவது எவ்வாறு? இவ்வினாவுக்குத் தெளிவான முதல் விடையை 1924 இல் ஜேர்மனியரான ஹான்ஸ் ஸ்பேமனும் அவர் மாணவியான ஹில்டே மங்கோல்டும் அளித்தனர். தவளைக்கு உறவான நியூற்று என்னும் உயிரியின் இளம் முளையமொன்றின் முதுகுப்புறத்திலிருந்து சிறு இழையத்துண்டை எடுத்து, மற்றொன்றின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினர். அங்கே இரண்டாவது உடலொன்று உருவாயிற்று. அயலிலுள்ள கலங்களை ஏவித் தன் நோக்கத்துக்கு இசைவிக்கும் அத்துண்டினை ‘ஒழுங்கமைப்பி’ என்றனர். கட்டுரை வெளியான அவ்வாண்டிலேயே மங்கோல்ட் தீவிபத்தொன்றில் மாண்டார். 1935 இல் நோபல் பரிசு ஸ்பேமன் ஒருவருக்கே கிட்டியது. ஏவும் பொருள் யாதெனத் தேடியோர் பின்னர் பெரிதும் குழம்பினர். மெதிலீன் நீலம் போன்ற சாயங்கூட ஏவலைத் தூண்டக் கண்டமையால், அத்தேடல் பல்லாண்டுகள் தேங்கிற்று.

விடைக்கு வழி முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1982 இல் றூல் நுசே, ஹரோல்ட் வார்மஸ் ஆகியோர், சுண்டெலியின் முலைப்புற்றை உண்டாக்கும் வைரசு எந்தப் பரம்பரையலகின் அருகே சென்று ஒட்டிக்கொள்கிறதென ஆராய்ந்து, ‘இன்ட்-1’ என்பதனைக் கண்டறிந்தனர். 1987 இல் அது பழ ஈயின் இறக்கை வளர்ச்சிக்கு வேண்டிய பரம்பரையலகுக்கு நிகரானதென்று தெரியவந்தது. 1989 இல் மக்மேகனும் மூனும் அதன் ஆர்.என்.ஏ.யைத் தென்னாபிரிக்க நகத்தவளையின் முளையங்களிற் செலுத்தினர். அவற்றில் உடலச்சு இரட்டித்தது. ஸ்பேமனும் மங்கோல்டும் இழையத்தை ஒட்டிக் கண்ட விளைவினை, புற்றுநோய்க்குக் காரணமான ஒரு பரம்பரையலகே விளைத்தது! ‘விண்ட்’ என இன்று வழங்கும் இச்சைகைத் தொடரில் இடைநின்று செயற்படும் பீற்றா-கற்றெனின் என்னும் புரதத்தைத் தவளை முட்டையிற் குறைத்தால் முதுகுப்புறம் உருவாகாதென 1994 இல் காட்டப்பட்டது. பெருங்குடற் புற்றிலோ அதே புரதம் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றது. தவறு புரதத்திலன்று, அது செயற்படும் காலத்திலும் இடத்திலுமே உள்ளது.

பலூன் தவளையின் பங்கு வேறொரு சைகையைப் பற்றியது. புவனேசுவரத்து உற்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொகந்தி-ஹெஜ்மாடியும் (ஒடிசி நடனத்திலும் புகழ்பெற்றவர் இவர்) சுஷில் குமார் தத்தா, மகாபாத்ரா ஆகியோரும் அதன் வாற்பேத்தைகளின் வாலை வெட்டி, விற்றமின் ஏ கலந்த நீரில் வைத்திருந்தனர். இயல்பாக வெட்டுண்ட வால் மீண்டும் வாலாகவே வளரும். இங்கோ வாலின் இடத்தில் பின்னங்கால்கள் முளைத்தன. 1992 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இம்முடிவை, மறுவருடமே இலண்டனில் மெய்டன் ஐரோப்பியத் தவளையில் உறுதிப்படுத்தினார். ஓரிடத்துக் கலங்கள் தம் இடத்தையே மறந்து மற்றோரிடத்துக்குரிய உறுப்பை ஆக்குதல் முதுகெலும்புள்ள விலங்கொன்றில் இத்துணைத் தெளிவாகத் தோன்றியமை அறிவியலாளரை வியப்பில் ஆழ்த்திற்று. விலையுயர்ந்த கருவிகள் எவையும் இதற்கு வேண்டப்படவில்லை என்பதும் கருதற்பாலது.

விற்றமின் ஏ உடலில் ரெற்றினோயிக் அமிலமாக மாறியே கலங்களுக்கு ஆணையிடுகின்றது. அதனை ஏற்கும் புரதம் 1987 இல் கண்டறியப்பட்டது. 1988 இல் சாங்காய் மருத்துவர்கள் ஒருவகைக் கொடிய குருதிப்புற்றை அவ்வமிலத்தினாலேயே தணித்தமையை வெளியிட்டனர். அந்நோயில் மேற்கூறிய ஏற்பிப்புரதம் வேறொரு புரதத்துடன் பிணைந்து சிதைந்துள்ளமை ஈராண்டுகளின் பின்னர் அறியப்பட்டது. முதிராது பெருகிய கலங்களை அம்மருந்து முதிர்ச்சியுறச் செய்கின்றது. எனினும் வாற்பேத்தையின் வாலைக் காலாக்கும் ஆற்றலுடைய பொருள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கற்றதாக இருத்தல் இயலாது. முகப்பருவுக்கு வழங்கப்படும் இவ்வகை மருந்துகள் கர்ப்பிணிகளுக்கு விலக்கப்பட்டமை இதனாலேயே.

அதே தத்தா, கெலும் மனமேந்திர-ஆரச்சியுடன் இணைந்து இலங்கையின் ஈரூடகவாழிகளைப் பற்றி எழுதிய நூல் 1996 இல் கொழும்பில் வெளிவந்தது. கிளிநொச்சி மக்கள் போரினால் ஊர்விட்டு ஓடிய ஆண்டும் அதுவே. வன்னிக் குளக்கரைகளில் இருந்து தவளைக் குரலைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் காலம் அன்று இருக்கவில்லை. போர் 2009 இல் ஓய்ந்தது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வாயிலினின்று சிறிது தூரத்திலேயே மழைநீர் தேங்கும் பள்ளங்கள் உள்ளன. புவனேசுவரத்தார் தம் ஆய்வுக்குக் கொண்டவை இத்தகைய நீர்நிலைகளில் வளரும் வாற்பேத்தைகளே.