மல்லாட்டை போகும் வழி

நிலக்கடலை என்பது புத்தகச் சொல். விழுப்புரம் பக்கத்துக் கொல்லைகளில் அது மல்லாட்டை. மூட்டை மார்க்கெட் கமிட்டிக்குப் போனால் மணிலா. மணிலாக்கொட்டைதான் வாயில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. தென்னமெரிக்கச் செடி, பிலிப்பைன்ஸ் ஊரின் பெயர், எங்கள் செம்மண்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. குடியாத்தம் கொத்து ரக நிலக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. டி.எம்.வி. என்ற மூன்றெழுத்தும் திண்டிவனம்தான் என்பது அதை விதைக்கும் ஆந்திர, கர்நாடக விவசாயிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். அந்த எண்ணெயில் எவ்வளவு தின்றவர் உடம்பில் சேரும் என்பதை மட்டும் ஆராய்ச்சி நிலையம் தீர்மானிக்க முடியாது. அது கடைவாய்ப் பல்லின் கையில் இருக்கிறது.

பருப்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணெய் நுண்துளிகளாக அடைபட்டிருக்கிறது. சுற்றிலும் நார்ச்சுவர். அந்தச் சுவரைக் கரைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. செக்கு செய்கிற வேலையைப் பல் செய்தாக வேண்டும். 1980இல் அமெரிக்காவில் முழுக்கடலை, அரைத்த கடலை, கடலை எண்ணெய் மூன்றையும் தனித்தனியே உண்ணக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுக்கடலை தின்றபோதுதான் மலத்தோடு அதிகக் கொழுப்பு வெளியேறியது. உடனே, அம்மியில் துவையல் அரைத்த பாட்டிக்கு இந்த விஞ்ஞானம் அன்றே தெரியும் என்று எழுத எனக்கு மனமில்லை. தாத்தாவுக்குப் பல் இல்லை, அரைத்தாள்.

இரைப்பையில் அமிலமும் பெப்சினும் புரதத்தில் கைவைக்கும். எண்ணெய்க்கு அங்கே பெரிய வேலை நடப்பதில்லை. அது முன்சிறுகுடலைத் தொட்டதும் குடற்சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. மல்லாட்டை தின்றால் வெகுநேரம் பசி தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. எண்ணெய்ப் பிசுக்குக் கையில் சீயக்காய் செய்வதை அது செய்கிறது: பெருந்துளிகளைச் சிறு துளிகளாக உடைக்கிறது. அதன் பிறகே கணையத்தின் லிப்பேஸ் கொழுப்பைப் பிளக்கிறது.

இனிதான் வேடிக்கை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கடலைக் கொழுப்பில் பெரும்பகுதி, விழுப்புரம் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே திருச்சிக்கு விரையும் பஸ்ஸைப் போல, கல்லீரலைத் தொடாமல் நிணநீர்க் குழல்களில் ஏறுகிறது. மார்பின் வழியே மேலே போய், இடது காறை எலும்புக்கு அடியில், கழுத்தோரத்தில் ரத்தத்தோடு கலக்கிறது. 1622இல் இத்தாலிய மருத்துவர் அசெல்லி, தீனி தின்ற நாயின் வயிற்றைத் திறந்தபோது கண்ட பால்நிற இழைகள் இந்தக் குழல்கள்தாம். அந்த வெண்மை கொழுப்பின் நிறம்.

பச்சைப் பருப்பில், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அவித்தாலும் வறுத்தாலும் அதன் வீரியம் குறையும். சிறுவயதில் செடி பிடுங்கும் நாளில் மடி நிறையப் பச்சையாகத் தின்று ஒரு ராத்திரி முழுக்கச் சுருண்டு கிடந்திருக்கிறேன். பழியை அந்தப் பொருள்மேல் போட்டுவிடலாம்தான். ஆனால் அன்று நான் மென்றதைவிட விழுங்கியது அதிகம். மறுநாள் காலை வரப்போரம் ஒதுங்கியபோது, பாதிப் பருப்பு பருப்பாகவே கிடந்தது.