ஏரி வாரியம் இருந்த ஊர்

உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். ஓலை நறுக்கில் பெயர் எழுதியது, குடத்தில் போட்டுக் குலுக்கியது, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது எல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஓலையில் பெயர் வந்தவர்கள் மறுநாள் காலையில் என்ன வேலைக்குப் போனார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, தீர்மானப் புத்தகமும் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடும் எழுதியே ஓய்வு பெற்றவள் நான். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படிக்கும்போது, என் மேசைக்கு வரவேண்டிய கோப்பு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சுவரில் ஏறிவிட்டது போல இருக்கும்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள ஊர் அது. இன்று அதுவும் ஒரு பேரூராட்சி. பல்லவர் காலத்துப் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது அன்றைய பெயர். சபை கூடிய மண்டபம்தான் இப்போது வைகுண்டப் பெருமாள் கோயிலாக நிற்கிறது. 1898-இல் கல்வெட்டுத் துறையினர் அந்தச் சுவர்களைப் படியெடுத்தார்கள். கல்வெட்டறிஞர் வெங்கய்யா அவற்றை விளக்கி எழுதிய பிறகுதான் ஊரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது.

வாரியம் என்ற ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டுகள் இரண்டு. இரண்டும் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தவை. 919-இல் ஒன்று, 921-இல் மற்றொன்று. முதல் கூட்டத்தில் அரசன் தரப்பில் தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருந்தார். இரண்டே ஆண்டில் சோமாசிப் பெருமான் என்ற இன்னொரு அதிகாரி முன்னிலையில் சபை மறுபடி கூடி, அதே பொருளில் இன்னொரு முடிவு எடுத்தது. எங்கள் அலுவலக வழக்கில் சொன்னால் இது திருத்தத் தீர்மானம். முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது 35 முதல் 70 என்று மாறியது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் நீள்கின்றன.

நான் நின்று நின்று படிப்பது கணக்கைப் பற்றிய விதியை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அதோடு விடவில்லை. அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாயோடும் தந்தையோடும் உடன்பிறந்தவர்கள், தன் உடன்பிறந்தான், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், அவள் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என்று பட்டியல் போடுகிறது கல்வெட்டு. இத்தனை உறவையும் கல்லில் வெட்டவேண்டிய தேவை சும்மா வந்திருக்காது. மாமன் விலகினால் மருமகன் வருவான் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கவேண்டும். கணக்கு எழுதுகிறவனுக்கும் விலக்கில்லை. எழுதிய கணக்கைப் பெரியவர்களிடம் ஒப்படைத்து, அது சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகே அவன் மறுபடி கணக்கில் கை வைக்கலாம். தணிக்கைத் தடைகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதைப் பார்த்தவள் என்பதால் இந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓலையை எடுத்த சிறுவனிடமிருந்து அதை வாங்குகிறவர் மத்தியஸ்தர். ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும். மடித்த விரலுக்குள் வேறோர் ஓலை இருந்துவிடக் கூடாதே. அவர் படித்ததும் அங்கிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் எல்லாரும் வாங்கிப் படிக்கவேண்டும். பிறகுதான் பெயர் எழுதப்படும். இதையெல்லாம் எழுதி முடித்த மத்தியஸ்தர் தன் பெயரையும் பொறித்திருக்கிறார்: காடாடிபோத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். குறிப்பெழுதுகிறவரின் பெயர் நிலைப்பது எங்கள் தொழிலில் அரிது. அதனால் அவர் பெயரை முழுதாகச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

முப்பது குடும்புக்கு, அதாவது வார்டுக்கு, முப்பது பேர். பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். காலம் 360 நாள். குற்றம் கண்டால் நடுவிலேயே நீக்கம். இதில் ஓர் ஏற்பாடு மிக நுட்பமானது. தலைமை வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு வருகிறவர், முன்பே தோட்ட வாரியத்திலோ ஏரி வாரியத்திலோ வேலை செய்தவராக இருக்கவேண்டும். கரையில் நின்று மதகு பார்த்த அனுபவம் இல்லாமல் ஊரின் பெரிய நாற்காலி கிடைக்காது.

அந்த ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். வைரமேகன் என்ற பட்டம் பூண்ட பல்லவன் தந்திவர்மன் பெயரால் வந்தது. ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏரிக்கு வரும் ஓடைகள் தண்ணீரோடு மண்ணையும் கொண்டுவரும். ஒவ்வொரு மழைக்கும் வண்டல் படியும். நான்கைந்து ஆண்டு கண்டுகொள்ளாமல் விட்டால் தரை உயர்ந்து கொள்ளளவு குறையும். ஏரி சீக்கிரம் நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே ஓடும். பங்குனி, சித்திரையில் பயிருக்கு நீர் இருக்காது. அதனால் தூர் வாருவது ஆண்டுதோறும் நடந்தாகவேண்டிய வேலை, ஆண்டுதோறும் செலவு. அதற்கு அவர்கள் கண்ட வழி நிரந்தர முதல். யாரோ ஒருவர் பொன்னோ நெல்லோ சபையிடம் கொடுப்பார். முதல் அப்படியே இருக்கும், அதன் வட்டியில் வருடாவருடம் ஏரியைத் தோண்டவேண்டும். கோயில் விளக்குக்கு நிவந்தம் வைத்த அதே காலத்தில், அதே பக்தியோடு, சேறு அள்ளவும் நிவந்தம் வைத்தார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தால் குடத்தைவிட அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

பொன் வாரியம் என்று இன்னொன்று. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றைச் சோதிப்பது அதன் பொறுப்பு. வரியும் அபராதமும் கொடையும் பொன்னிலேயே நடந்த காலத்தில், மாற்றுக் குறைந்த பொன் கைமாறினால் ஏமாறுகிறவன் ஏழைதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். அந்தக் குடத்துக்குள் போன பெயர்கள் நிலமுள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்களுடையவை. ஏரிக்குள் இறங்கிக் கூடை சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. இன்று என் பேரூராட்சியில் பட்டியல் வகுப்புப் பெண் ஒருவர் தலைவர் நாற்காலியில் அமர முடிகிறது என்றால் அது 1992-இல் வந்த அரசியல் சட்டத் திருத்தங்களின் பயன். சோழர் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஏரி ஊரின் கையை விட்டுப் போன கதை வேறு. கரை காக்கும் குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்தை 1858-இல் ஆங்கிலேயர் சட்டமாக்கி, வராதவரிடம் வசூலிக்கும் கட்டாய உழைப்பாக மாற்றினார்கள். பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. ரிப்பன் பிரபு 1882-இல் உள்ளாட்சியை வளர்க்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1884 சட்டப்படி சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் யூனியன்கள் அமைந்தன. அவற்றுக்குக் கிடைத்த வேலை வீதி, விளக்கு, துப்புரவு. வருமானம் வீட்டு வரி. பேரூராட்சி அந்த வழியில் வந்ததுதான். இன்றும் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி அரசின் நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எங்களுக்குக் குழாயடி, தெருவிளக்கு, சாக்கடை, பிறப்பு இறப்புப் பதிவு.

இவை சிறிய வேலைகள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தெருவில் விளக்கு எரியாவிட்டால் வேலை முடிந்து வரும் பெண்ணுக்குத்தான் பயம். ஆனால் எங்கள் ஊர்க் குழாயில் வரும் தண்ணீர் ஏரியடிக் கிணற்றிலிருந்து வருகிறது. ஏரி வறண்டால் எங்கள் குழாய் வறளும். குழாய்க்குப் பொறுப்பு நாங்கள், ஏரிக்குப் பொறுப்பு வேறொருவர். கோடையில் விவசாயிகள் மதகு பழுது, வண்டல் என்று மனு கொண்டுவருவார்கள். பதிவேட்டில் ஏற்றி, "உரிய துறைக்கு அனுப்பலாம்" என்று குறிப்பெழுதுவேன். 2016 கடைசியிலிருந்து 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். மனு கொடுத்தவர் போய்க் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஆண்டுகள் அவை.

2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது, ஏரிகளில் பணமும் இறங்கியது. வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று 2024-இல் ஆனதும் நல்லதுதான். அடுத்த படியாக, பேரூராட்சி எல்லைக்குள் உள்ள ஏரிக்கு மன்றத்திலேயே ஒரு குழு வேண்டும். கூலி வேலை செய்கிறவர்களும் பெண்களும் அதில் இருக்கவேண்டும். தூர் வாருவதற்கென்று, முதலில் கைவைக்கமுடியாத ஒரு வைப்புத்தொகை அதன் பெயரில் இருக்கவேண்டும். ஆண்டுக் கணக்கை அது ஊர் நடுவில் படிக்கவேண்டும். கணக்குக் காட்டாதவர் அடுத்த குழுவில் இருக்கக்கூடாது, அவர் மருமகனும் கூடாது.