லிங்கன் தாடியால்தான் வென்றாரா?

ஆசிரியர்களே, வாங்க. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் கொஞ்சம் பக்கத்தில் வாங்க.

ஆபிரகாம் லிங்கன் என்றதும் என்ன முகம் ஞாபகத்துக்கு வருகிறது? தாடி வைத்த முகம்தானே? ஆனால் 1860 நவம்பர் 6ஆம் நாள் தேர்தலில் அவர் அமெரிக்க அதிபரானபோது அந்தத் தாடி கிடையாது. வகுப்பில் சொல்லிப் பாருங்க, பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

கேரன் வின்னிக்கின் 'மிஸ்டர் லிங்கன்ஸ் விஸ்கர்ஸ்' (1996) என்ற சிறுவர் படப் புத்தகம் அந்தத் தாடியின் கதையைச் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டில் கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி. அவள் அப்பா சந்தையிலிருந்து லிங்கன் படம் ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பார்த்த கிரேஸ் 1860 அக்டோபர் 15ஆம் நாள் லிங்கனுக்கே ஒரு கடிதம் போட்டாள். உங்கள் முகம் ரொம்ப ஒல்லி, தாடி வைத்தால் நன்றாக இருக்கும். எனக்கு நான்கு அண்ணன் தம்பிகள், சிலர் எப்படியும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், தாடி வைத்தால் மற்றவர்களையும் போட வைக்கப் பார்க்கிறேன் என்று பேரம் பேசினாள்! நான்கே நாளில், அக்டோபர் 19இல், ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து லிங்கன் பதில் எழுதினார். எனக்கு மகள் இல்லை, 17, 9, 7 வயதில் மூன்று மகன்கள் என்றார். இதுவரை தாடியே வைக்காதவன் இப்போது வைத்தால் ஜனங்கள் வேஷம் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டார். வாக்குறுதி எதுவும் தரவில்லை.

மாணவர்கள் சறுக்கும் இடம் இங்கேதான். "சிறுமி சொன்னபடி தாடி வளர்த்ததால் லிங்கன் வென்றார்" என்று எழுதிவிடுவார்கள். தேதிகளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: கடிதம், பதில், தேர்தல், அதற்குப் பிறகுதான் தாடி. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியுமா? ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு என்று பிளந்து, நான்கு வேட்பாளர்கள் போட்டியிட்ட தேர்தல் அது. மக்கள் வாக்கில் ஏறக்குறைய 40 விழுக்காடுதான் லிங்கனுக்கு. ஆனாலும் வட மாநிலங்கள் கைகொடுக்க, 303 தேர்வாளர் வாக்குகளில் 180ஐப் பெற்றார்.

அப்படியானால் கடிதத்தால் பயனில்லையா? எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. பெண்களுக்குத் தாடி பிடிக்கும், அவர்கள் கணவன்மாரை நச்சரித்து உங்களுக்கு ஓட்டுப் போட வைப்பார்கள் என்கிறாள் கிரேஸ். ஏன் நச்சரிக்க வேண்டும்? அவர்களுக்கே ஓட்டு இல்லை. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்த 19ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1920இல்தான் வந்தது. ஒரு சின்னப் பெண் போகிறபோக்கில் எழுதிய வரி, அந்தக் காலத்து வீட்டு அரசியலைக் காட்டிக் கொடுக்கிறது பாருங்க. முதன்மை மூலத்தின் பலம் இது. படப் புத்தகத்துப் பாத்திரங்களின் பேச்சை விடைத்தாளில் சான்றாகக் காட்ட முடியாது, கடிதத்தைக் காட்டலாம். கிரேஸின் மூலக் கடிதம் இன்றும் டெட்ராய்ட் பொது நூலகத்தில் இருக்கிறது.

1861 பிப்ரவரி 16. பதவியேற்க வாஷிங்டன் போகும் வழியில் லிங்கனின் ரயில் வெஸ்ட்ஃபீல்டில் நின்றது. தாடியோடு வெளியே வந்தவர், தமக்கு எழுதிய அந்தச் சிறுமி இங்கே இருக்கிறாளா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கிரேஸ் வந்தாள். லிங்கன் இறங்கிப் போய் அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

தாடிக்குக் கடிதம்தான் காரணமா? இந்தக் கேள்வியை வகுப்பில் விடுங்கள். எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறார்கள் என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.