அரை மில்லிமீற்றரின் வரலாறு

சவளக்கடை வயலோரத்திலிருந்து கல்முனைக்குக் கண் காட்ட வரும் முதியவர் ஒருவரின் துண்டிலே ‘18’ என்று எழுதப்படுமாயின், அதுவே கண்ணின் உள்ளழுத்தம் என்று அவரும் அவர் மக்களும் கொள்வர். உண்மையில் அது கண்ணின் வெளிச்சுவரை அழுத்திப் பெற்ற மதிப்பீடேயாகும். அச்சுவராகிய விழிவெண்படலத்தின் தடிப்பு அம்மதிப்பீட்டிற் குறுக்கிடுகின்றது என்பதை மருத்துவ உலகம் மனங்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

குளோக்கோமா பார்வை நரம்பைப் படிப்படியாக அழிக்கும் நோய். இழந்த பார்வை மீள்வதில்லை. பெரும்பாலோர்க்குத் தொடக்கத்தில் நோவும் இராது. ஆதலின் அழுத்தத்தை அளத்தல் இன்றியமையாததாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியர் மூடிய இமைமேல் விரல் வைத்தே அதனைக் கணித்தனர். 1950களில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் அமைத்த கருவி, பிற கருவிகளைப் பின்தள்ளி அளவுகோலாகவே நிலைபெற்றது.

அதன் நுட்பம் வியக்கத்தக்கது. விழிவெண்படலத்தை 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமாகத் தட்டையாக்கினால், படலத்தின் விறைப்பு கருவியைத் தள்ளுவதும் கண்ணீர் அதனை உள்ளிழுப்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்யும், எஞ்சுவது உள்ளழுத்தமே. ஆயின் இக்கணக்கு முழுவதும், படலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது என்னும் எடுகோளின்மேல் நின்றது. தடிப்பு பெரிதும் வேறுபடின் அளவு பிழைக்கும் என்பதைக் கோல்ட்மான் அறிந்தேயிருந்தார். அத்தகைய கண்கள் அரியன என்று கருதினார். கருவியைக் கைக்கொண்ட தலைமுறையோ இவ்வெச்சரிக்கையைப் பெரும்பாலும் மறந்தது.

1975இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏலர்ஸும் துணைவரும் சத்திரசிகிச்சைக்கு வந்த 29 கண்களினுள் நுண்குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரே அளந்து, கோல்ட்மான் கருவியோடு ஒப்பிட்டனர். மெல்லிய படலம் குறைத்தும் தடித்த படலம் கூட்டியும் காட்டியமை தெளிவாயிற்று. எனினும் வழக்கம் மாறவில்லை. 1990களில் லேசரினாற் படலத்தைச் செதுக்கி மூக்குக்கண்ணாடியை நீக்கும் சிகிச்சை பரவியபோது, சிகிச்சை பெற்றோரின் அழுத்தம் தாழ்ந்து தோன்றியது; அதன் பின்னரே பலர் இதனைக் கருத்திற் கொண்டனர். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாதிருந்த 1,600க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து நோக்கியது. 555 மைக்ரோனுக்கு மேற்படாத தடிப்புடையோர்க்கு, 588க்கு மேற்பட்டோரிலும் ஏறக்குறைய மும்மடங்கு ஆபத்து உண்டென்பது அதன் முடிபு. (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்.) இவ்வாபத்து அளவீட்டுப் பிழையால் மட்டும் விளைவதா, கண்ணின் பிற அமைப்பையும் படலம் உணர்த்துகின்றதா என்ற வினா இன்னும் தீரவில்லை.

தமிழர்க்கு இது அயலார் செய்தியன்று. சென்னையிலும் அதன் அயற் கிராமங்களிலும் நிகழ்ந்த சென்னைக் குளோக்கோமா ஆய்விற் சராசரித் தடிப்பு 511 மைக்ரோனை ஒட்டியிருந்தது. அமெரிக்க ஆய்வு மெல்லியதென வகுத்த எல்லைக்கும் மிகக் கீழே அங்குள்ள சராசரி மனிதர் நிற்கின்றார். அதனால் அவர் நோயாளர் ஆகிவிடார். சூத்திரமொன்றைக் கொண்டு 18ஐ 21 ஆக்குவதும் தனியொருவர்க்கு நம்பத்தக்கதன்று எனக் காணப்பட்டுள்ளது. சவளக்கடை முதியவரின் படலத்தைத் தடிப்பளவியால் அளந்து, பார்வை நரம்பின் முகப்பையும் பார்வைப் புலத்தையும் சோதித்த பின்னரே, அவர் துண்டிலுள்ள 18 அவருக்குப் போதுமானதா என்பதை வைத்தியர் கூறமுடியும்.